விமான எரிபொருள் விலை கூடினால் குழுப் பயணக் கட்டணத்தை எப்படி அறிவிப்பது?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் சிறிய பயண முகவை நடத்துகிறேன். ஒவ்வொரு டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் 40 பேரைத் திருச்சி வழியாகக் கும்பகோணம் வட்டாரக் கோயில்களுக்கு அழைத்துச் செல்கிறோம். எண்ணெய் வளம் குறைந்துவருகிறது என்று மகன் எச்சரிக்கிறான். தொழில் நண்பர்களோ, "அது விமான நிறுவனங்களின் கவலை" என்கிறார்கள். ஓராண்டுக்கு முன்பே கட்டணத்தை அறிவித்து முன்பணம் வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது இத்துறையில் அடிக்கடி கேட்கும் பதில்தான், அதற்கு அனுபவ நியாயமும் உண்டு. 2008 ஜூலையில் பீப்பாய் 147 அமெரிக்க டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டுச் சரியும் என்று 1956-ல் அமெரிக்கப் புவியியலாளர் ஹப்பர்ட் கணித்தது அப்படியே பலித்தது. ஆனால் இறுகிய பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கப்படும் ஷேல் எண்ணெயின் வரவால் அந்த உச்சத்தையும் அமெரிக்கா 2018-ல் கடந்துவிட்டது. இத்தனையையும் பார்த்தவர்கள், பற்றாக்குறை என்பதை வந்துபோகும் விலையேற்றமாக மட்டுமே எண்ணுவதில் வியப்பில்லை. நமக்கோ ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகள் கண்ணெதிரே நிற்பதால் ஒரு கூடுதல் தைரியம். அங்கே வரும் கச்சா எண்ணெய் முழுவதும் இறக்குமதி என்பதும், இங்கே சுத்திகரித்தாலும் விமான எரிபொருள் வட்டாரச் சந்தை விலைக்கே விற்கப்படுகிறது என்பதும் எளிதில் மறந்துபோகிறது.

நண்பர்களின் கணிப்பு பிசகுவது வேறோர் இடத்தில். பயண முகவையைப் பொறுத்தவரை எண்ணெய்த் தட்டுப்பாடு காலியான எரிபொருள் கிடங்காக வருவதில்லை. முதலில் கட்டணமாகவும், பிறகு நிறுத்தப்பட்ட விமானச் சேவையாகவும் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் அருகிலுள்ள நுவார்க்கிற்கு 2004-ல் தொடங்கிய இடைநில்லாச் சேவையில் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 விமானம் பறந்தது. நெடுந்தூரப் பயணத்தில், சுமந்து செல்லும் எரிபொருளின் எடையைத் தூக்கவே கணிசமான எரிபொருள் எரிகிறது. எண்ணெய் விலை உயர்ந்தே இருந்த நிலையில் 2013-ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டு, இரண்டு இயந்திரங்கள் கொண்ட ஏ350 வந்த பிறகே 2018-ல் மீண்டும் தொடங்கியது. ஐந்தாண்டுகள் அந்தச் சேவையே இல்லை. திருச்சிக்கு நான்கு மணி நேரப் பறப்புதான் என்றாலும், மலிவுக் கட்டண விமானங்களில் மற்றச் செலவுகள் குறைவாக இருப்பதால் எரிபொருளின் பங்கு அதிகம். விலையேற்றம் அங்கேதான் சீக்கிரம் உறைக்கும்.

ஆகவே ஓராண்டுக்கு முன்பே முழுக் கட்டணத்தையும் உறுதியாக அறிவிக்க வேண்டாம். முன்பணம் வாங்கலாம், ஆனால் விமானக் கட்டணத்தையும் தரைச் செலவையும் விலைப்பட்டியலில் தனித்தனியே காட்டுங்கள். பயணச்சீட்டின் கட்டண விவரத்தில் 'ஒய்க்யூ' (YQ) என்ற குறியீட்டுக்கு எதிரே இருக்கும் தொகையைப் பாருங்கள். விமான நிறுவனம் விதிக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். குழு முன்பதிவில் அடிப்படைக் கட்டணம் உறுதியாகிவிட்டாலும், சீட்டு வெளியிடப்படும் நாளில் நடப்பிலுள்ள கூடுதல் கட்டணத்தையே வசூலிப்பது வழக்கம். ஒருவருக்கு 60 வெள்ளி கூடினால் 40 பேருக்கு 2,400 வெள்ளி. ஒரு பயணத்தின் லாபம் அதிலேயே கரைந்துவிடக்கூடும். அந்த உயர்வைப் பயணிகளே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை, முன்பணம் வாங்கும்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பெயர்ப் பட்டியலை விரைவில் முடித்து, சீட்டுகளை இயன்ற அளவு முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு வேன் உரிமையாளரிடம், ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம் எல்லாம் உட்பட முழுச் சுற்றுக்கும் ஒரே தொகையாகப் பேசி முடிப்பது நல்லது. திருச்சியிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அதைப்போல் மூன்று மடங்கு. திருச்சிச் சேவை குறைக்கப்பட்டுச் சென்னையில் இறங்க நேர்ந்தால் முதல் நாள் முழுவதும் சாலையிலேயே போய்விடும் என்பதால், ஒப்பந்தத்தில் 'திருச்சி அல்லது சென்னை' என்று எழுதி, சென்னையில் இறங்கினால் வேன் வாடகை எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.