அலமாரியைத் தூக்கிப் போட ஒரு போன்

கேள்வி: வெளிநாட்டில் மொழிப் படிப்பை முடித்து ஊர் திரும்பியபோது எப்படி இருந்தது? கற்ற மொழி இப்போதும் நினைவிருக்கிறதா?

நான் போனது ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கு. 2016 அக்டோபரில் சேர்ந்தேன், 2018 மார்ச்சில் முடிந்தது. காலையில் மொழிப் பள்ளி, மாலையில் ஒரு மளிகைக் கடையில் பெட்டி அடுக்கும் வேலை. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த ஒன்றரை வருஷத்தில் வகுப்புக்கு வெளியே நான் பேசிய ஜப்பானிய மொழியில் பாதி "ஹை" (ஆமாம்), மீதி "சுமிமசேன்" (மன்னிக்கணும்).

இலக்கணம் எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. "சாப்பிட்டுப் பார்" என்பதை அவர்கள் "தபேத்தே மிரு" என்கிறார்கள். மிரு என்றாலும் பார்தான். "வாங்கி வை" என்றால் "கத்தே ஒகு". ஒகு என்றால் வை. வியட்நாம் நண்பர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இந்தப் பாடத்தில் நான் கொட்டாவி விட்டேன். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து வந்ததும் சீன நண்பர்கள் கொட்டாவி விடுவார்கள், மண்டை உடைவது என்னுடையது. 2017 டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலையில் 97 வாங்கினேன். 180-க்கு 90 எடுத்தால் பாஸ், அவ்வளவுதான்.

ஆனால் மொழி வாயில் வந்தது கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். அங்கே ஊரைவிட்டுப் போவது என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவது மட்டுமில்லை. வார்டு அலுவலகத்தில் வெளியேறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போது மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் திருப்பிக் கொடுத்துப் பாக்கியைத் தீர்க்க வேண்டியிருந்தது. கேஸ், கரண்ட், செல்போன், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக மூட வேண்டும். பிரிட்ஜைக் குப்பையில் போட முடியாது. மறுசுழற்சிக்கென்று தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் அதை ஒரு நேபாளத் தம்பியின் தலையில் கட்டினேன். பாவம், சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டான்.

மிஞ்சியது ஒரு புத்தக அலமாரி. பெரிய சாமானைத் தூக்கிப் போட முன்பதிவு செய்ய வேண்டும், நான் போன் போட்டேன். முகம் தெரியாத ஆளிடம் போனில் பேசுவதைத்தான் அதுவரை தவிர்த்து வந்தேன். போனை எடுத்த அம்மா அலமாரியின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டார். டேப் இல்லை. "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு ஏ4 தாளை வைத்து அளந்தேன். நான்கு தாளும் இன்னும் கொஞ்சமும். அதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, பத்து நிமிஷமும் தமிழில் யோசிக்கவே இல்லை. கடையில் ஸ்டிக்கர் வாங்கி அலமாரியில் ஒட்டிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபுகுவோகாவில் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஊரின் பெரிய ரயில் நிலையமான ஹகாதாவிலிருந்து சப்வேயில் இரண்டாவது ஸ்டாப். குடிவரவு அதிகாரி திரும்பி வருவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். குடியிருப்பு அட்டையில் ஓட்டை போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். இப்போது அது மதுரையில் அம்மாவின் பீரோவில், ரேஷன் கார்டோடு இருக்கிறது.

ஊர் வந்த புதிதில் ஃபுகுவோகா மளிகைக் கடை முதலாளியம்மாவிடம் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று எண்ணுவார். "ஏண்டா, ஒரு போனுக்கு இத்தனை ஹை?"

மறந்ததா என்றால், ஆமாம், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி மறக்கவில்லை. கையால் கான்ஜி எழுதுவது ஆறு மாதத்தில் போய்விட்டது. பேசும்போது வார்த்தை தொண்டையில் நிற்கும். காதால் கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போகவே இல்லை. முதலாளியம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் கையால் எழுத ஆரம்பித்த பிறகு எழுத்து கொஞ்சம் திரும்பி வந்தது. அவர் என் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார், நான் கேட்காமலே. அங்கே மாலை வேலை பார்த்த நாட்களில் இவரோடு இன்னும் பேசியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

ஊர் திரும்பிய வருஷக் கடைசியில் ஒரகடம் பக்கம் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்காணல். திங்கட்கிழமையே சேர முடியுமா என்று ஜப்பானிய மேலாளர் கேட்டார். மரியாதை மொழியை இரண்டு நாள் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், ஆனால் வாயில் வந்தது "யொக்கா". ஹகாதா பக்கத்துப் பேச்சில் சரி என்று அர்த்தம், நேர்காணலில் சொல்லும் வார்த்தை இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு, எந்தக் கடையில் வேலை பார்த்தாய் என்று கேட்டார்.