தயிர்சாதம் தவிர எதையும் தொடாத பையன்
நாலு வயசுப் பையன் தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை, ஆனால் நாளுக்கு நாலு டம்ளர் பால் குடிக்கிறான் என்கிறீர்களே, முதலில் அந்தப் பாலைக் குறையுங்கள் சகோதரி. அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிறைந்து பசியே எடுக்காது, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். நீங்களும் கடலூர் என்பதால் சொல்கிறேன், முதுநகரில் பொடி நெத்திலி வாங்கி, தலையைக் கிள்ளிவிட்டு, முள்ளும் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்துக் கொடுங்கள், கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. என் மகள் சிப்ஸ் என்று நம்பித்தான் தின்றாள்! முருங்கைக்கீரையை அடைமாவில் கலந்துவிடுங்கள், கூடவே நாலு துண்டு கொய்யா, அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் ஏற்றும். திட்டி ஊட்டுவது எங்கள் வீட்டில் பலிக்கவே இல்லை. அப்புறம், முகம் வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள், டாக்டரைக் கேட்காமல் இரும்பு டானிக் வேண்டாம்.