ஸ்கேனருக்குள் படுத்துக்கொண்டே உணர்ச்சியை அடக்கப் பழகலாமா? கேள்வி பதில்

உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும் மனநலப் பிரச்சினைதான் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் (பிபிடி). அது உள்ளவர்களுக்கு மூளை ஸ்கேன் மூலம் தரும் நியூரோஃபீட்பேக், அதாவது தன் மூளையின் செயல்பாட்டைத் திரையில் பார்த்தே அதை மாற்றப் பழகும் பயிற்சி, பற்றிய கேள்விகள் இவை.

சுதா, திருநெல்வேலி: என் தங்கைக்கு பிபிடி. எம்.ஆர்.ஐ.க்குள் வைத்துக் கோபத்தைக் குறைக்கக் கற்றுத்தருகிறார்களாமே, உள்ளே என்னதான் நடக்கும்?

கோபம் என்றில்லை, பொங்கி வரும் எந்த உணர்ச்சியும்தான். ஜெர்மனியின் மான்ஹைம் மனநல மையத்தில் செய்தது இது: படுத்திருப்பவருக்கு மனதை உலுக்கும் படங்களைக் காட்டுகிறார்கள். ஓரத்தில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு பட்டை. அவருடைய மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் ரத்த ஆக்ஸிஜன் மாறுவதற்கேற்ப அது ஏறி இறங்கும். சில படங்களைச் சும்மா பார்த்தால் போதும். சிலவற்றுக்குப் பட்டையை இறக்கிக் காட்ட வேண்டும்.

ஆனால் மூளையின் வேலைக்கேற்ப ரத்த ஓட்டம் மாறுவது மெதுவாகத்தான். நரம்பு செல்கள் இயங்கி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் சிக்னல் உச்சிக்கு வரும். அதற்குள் பொறுமையிழந்து வேறு உத்திக்குத் தாவினால், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். அப்புறம் பட்டையை எடுத்துவிட்டு, அது இல்லாமலும் முடிகிறதா என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான பரீட்சை. வீட்டில் சண்டை வரும்போது எந்தப் பட்டையும் கண்முன் இருக்காதே.

செந்தில்: ஏன் அமிக்டலா?

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி. பிபிடி உள்ளவர்களுக்குக் கசப்பான படங்களைப் பார்க்கும்போது அது கூடுதலாகத் துள்ளுவதைப் பல ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மனச்சோர்வில் கதை தலைகீழ்: 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இனிய நினைவுகளை மனதில் ஓட்டி அதே அமிக்டலாவின் செயல்பாட்டை ஏற்றப் பழக்கினார்கள்.

பிரியா: பலன் இருக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

நம்பிக்கை தருகிறது, நிரூபணம் ஆகவில்லை. 2016-இல் வெளியான மான்ஹைம் ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர். அமிக்டலாவுக்கும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு மாறியது. 2019-இல் சுமார் 25 பேர். உணர்ச்சிகளைக் கையாள்வதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. வாரக்கணக்கில் அக்கறையாகக் கவனித்தால் யாருக்கும் கொஞ்சம் தேறும்தானே? போலி சிக்னல் காட்டப்பட்டவர்களோடு ஒப்பிட்டால்தான் விஷயம் தெளியும். அப்படி ஒரு பெரிய ஆய்வை ஜெர்மனியில் தொடங்கியிருக்கிறார்கள்.

ரவி: எங்கள் ஊர் கிளினிக்கில் தலையில் ஒயர் ஒட்டி, பேக்கேஜாக 'நியூரோஃபீட்பேக்' தருகிறார்கள். அதுவும் இதுதானா?

இல்லை. அது ஈ.ஈ.ஜி.; பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பு மின்னலைகளைத்தான் பிடிக்கும். அமிக்டலா ஆழத்தில் இருக்கிறது. மான்ஹைம் முடிவுகளைக் காட்டி அதை விற்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சுதா: அப்படியானால் தங்கைக்கு இப்போது என்ன செய்வது, மேடம்?

டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) எனும் பேச்சு சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. முதல் ஆய்வு 1991-இலேயே வந்துவிட்டது. நடந்துகொண்டிருந்தால் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இல்லையென்றால், டிபிடியில் பயிற்சி பெற்றவர் யார் என்று அவளுடைய மனநல மருத்துவரிடமே கேளுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கையில் காயம் இருந்தால் போனுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.