செத்த கிருமியும் குளிர் நடுக்கமும் – கடிதம்

வணக்கம் சார்,

செப்சிஸ் (கிருமித் தொற்றுக்கு உடம்பு எல்லை மீறி எதிர்வினை காட்டறது) பத்தி எழுதினப்ப "கிருமி செத்த பிறகும் அதோட செல் சுவர் உடம்ப ஆட்டி வைக்கும்"னு ஒரு வரி போட்டுட்டு அப்படியே தாண்டிப் போயிட்டீங்க. எனக்கு அது பிடிபடல. செத்துப்போனதுக்கு உடம்பு ஏன் பயப்படணும்? அந்தச் சுவர்ல அப்படி என்ன விஷம் இருக்கு? அம்மாவுக்கு ஒரு தடவ ஆன்டிபயாடிக் ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, மருந்து ஒத்துக்கலையோன்னு பதறிட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தப்பு என்மேலதான், ஒரு வரில அடக்கற விஷயமில்ல அது.

விஷம்னு உங்களுக்குத் தோணினதுல ஆச்சரியமில்ல, 1892ல ரிச்சர்ட் ஃபைஃபர்ங்கற ஜெர்மன் விஞ்ஞானிக்கும் அப்படித்தான் தோணுச்சு. காலரா பாக்டீரியாவ சூடு பண்ணிக் கொன்னு கினிப்பன்றிக்கு ஊசி போட்டுப் பார்த்தார், உள்ள போனது செத்த கிருமிதான், ஆனா பன்றி பிழைக்கல. சரி இது கிருமி வெளிய கக்கற விஷம் இல்ல, அதோட உடம்புலயே ஒட்டிட்டு இருக்கறதுன்னு சொல்லி எண்டோடாக்சின், அதாவது உள்விஷம்னு பேர் வச்சார். பாதி குழப்பத்துக்கு அந்தப் பேருதான் காரணம்னு நான் சொல்வேன்.

கிராம் நெகட்டிவ்னு சொல்ற பாக்டீரியாக்களோட வெளிப்போர்வைல லிப்போபாலிசாக்கரைடுன்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா எல்பிஎஸ். அதோட அடில கொழுப்பு வால்களோட இருக்கற லிப்பிட் ஏங்கற பகுதிதான் எண்டோடாக்சின். டெட்டனஸ் விஷம் மாதிரி இது நேரா போய் நரம்ப முடக்கறதெல்லாம் கிடையாது. ரத்தத்துல இருக்கற ஒரு புரோட்டீன் இத எடுத்து சிடி14ங்கற இன்னொரு புரோட்டீன் கிட்ட குடுக்கும், அது கைமாத்தி நம்ம வெள்ளை அணுவோட மேல உக்காந்திருக்கற டிஎல்ஆர்4ங்கற உணரி கிட்ட சேர்க்கும், அவ்வளவுதான், அதுக்கப்புறம் நடக்கறது பூரா நம்ம வேலை. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு அபாயச் செய்தி சொல்ற புரோட்டீன்கள அணுக்கள் கொட்ட ஆரம்பிக்கும், மூளை உடம்புச் சூட்ட ஏத்தச் சொல்லும், ரத்தக் குழாய் கசியும், பிரஷர் விழும். ஆரோக்கியமான ஆளுக்கு எடைல கிலோவுக்கு சில நானோகிராம் போனாலே குளிரும் காய்ச்சலும் வந்துரும்.

சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க, இதுக்கு ஒரு எலி சாட்சி இருக்கு. சி3ஹெச்/ஹெச்இஜேன்னு ஒரு ஆய்வக எலி வம்சம், மத்த எலிகள் செத்துப்போற அளவு எல்பிஎஸ் குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. ஏன்னு தேடிட்டே போன புரூஸ் பாய்ட்லர் குழு 1998ல கண்டுபிடிச்சது, டிஎல்ஆர்4 ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. (பாய்ட்லருக்கு 2011ல நோபல் பரிசு கிடைச்சது.) எல்பிஎஸ் நிஜமாவே விஷமா இருந்தா ஒரு எழுத்து மாறினதுக்கு எலி எப்படித் தப்பிக்கும்? ஆனா பொறாமைப்படாதீங்க, அதே எலிக்கு உயிரோட இருக்கற சால்மொனெல்லா கொஞ்சம் போனாலே கதை முடிஞ்சுது. நாய் குரைக்காத வீடு மாதிரி, திருடன் நுழைஞ்சதே தெரியாது.

கிருமிய அடையாளம் காண நம்ம உடம்பு அதோட சுவர ஏன் வச்சிருக்குன்னா, பாக்டீரியாவால அத விட்டுட்டு வாழ முடியாது. உள்ள இருக்கற அழுத்தத்துக்கு சுவர்ல இருக்கற பெப்டிடோகிளைக்கான்ங்கற வலை இல்லன்னா அதுல பெரும்பாலானது வெடிச்சுரும், நம்ம செல்லுல அந்தப் பொருள் பேருக்குக்கூட கிடையாது. கிராம் பாசிடிவ்ங்கற இன்னொரு வகை பாக்டீரியால பொதுவா எல்பிஎஸ் இருக்காது, பதிலுக்கு இந்த வலை தடிமனா இருக்கும், அதோட சின்னத் துண்டக்கூட செல்லுக்குள்ள நாட்2ங்கற காவல்காரன் பிடிச்சுருவான். பிளேக் கிருமி மட்டும் கில்லாடி. தெள்ளுப்பூச்சிக்குள்ள குளிர்ச்சில இருக்கறப்ப லிப்பிட் ஏல ஆறு வால், நம்ம 37 டிகிரிக்கு வந்ததும் நாலா குறைச்சுக்கும், டிஎல்ஆர்4க்கு அது சரியாப் புரியாது, சுதாரிக்கறதுக்குள்ள அது பெருகிரும்.

இப்ப செத்த கிருமி. நான் கொஞ்ச காலம் ஊசி மருந்து சோதிக்கற லேப்ல இருந்தேன். ஆட்டோகிளேவ்ங்கற நீராவிக் கலன்ல 121 டிகிரில வச்சா பாக்டீரியா காலி, எண்டோடாக்சின் அசையாது, அதனால கண்ணாடிச் சாமான 250 டிகிரில அரை மணி நேரம் வறட்டுச் சூட்ல போடுவோம். மருந்துல எண்டோடாக்சின் இருக்கான்னு சோதிக்க குதிரைலாட நண்டோட ரத்த அணுல இருந்து எடுத்த சரக்கு. மருந்தோட கலந்து 37 டிகிரில ஒரு மணி நேரம் வச்சுட்டு டியூப்ப மெதுவா, கை ஆடாம, தலைகீழா கவுக்கணும். வழிஞ்சு வந்தா பாஸ், கெட்டியா அடிலயே ஒட்டி நின்னா அந்த பேட்ச் அவுட். நண்டுக்கும் அது அபாய மணிதான், கிருமி நுழைஞ்ச இடத்த உறைய வச்சு அடைச்சுரும்.

அம்மா விஷயத்துக்கு வரேன். ஆன்டிபயாடிக் ஒரேயடியா கிருமிய உடைக்கறப்ப உடைஞ்ச துண்டெல்லாம் மொத்தமா ரத்தத்துல கலக்கும், சிபிலிஸ், எலிக்காய்ச்சல் மாதிரி வியாதில முதல் டோஸ் போட்டு சில மணி நேரத்துல நடுக்கம் வர்றது டாக்டர்களுக்குப் பழகின விஷயம், மூளைக்காய்ச்சல்ல சில சமயம் ஸ்டீராய்ட முன்னாடியே இல்லன்னா கூடவே குடுக்கறதும் இதனாலதான். ஆனா அம்மாவுக்கு நடந்தது அதுவான்னு இங்க உக்காந்து சொல்ல மாட்டேன், அலர்ஜியாவும் இருக்கலாம், இருந்த காய்ச்சலே அப்ப ஏறியிருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. ஊசி பேரு, எத்தனை நிமிஷத்துல நடுக்கம் வந்துச்சு, தடிப்பு, மூச்சுத் திணறல் இருந்துச்சா, இத ஒரு பேப்பர்ல எழுதி அம்மாவோட ஃபைல்ல வச்சிருங்க, அடுத்த தடவ ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டர் கேப்பார்.