புகைபோக்கி – ஒரு கடிதம்

அன்புள்ள சேர்,

நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கொழும்பில் கட்டடக்கலை படிக்கிறேன். நுவரெலியா தபால் நிலையத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் அறைத்தோழியும் மலையகத்தவள்தான். "வெள்ளைக்காரன் கட்டினதுக்கு நீ ஏன் அழுகிறாய், எல்லாம் இடிஞ்சு விழட்டும்" என்கிறாள். இறுதியாண்டு ஆய்வுக்கு மலைநாட்டின் காலனிய காலக் கட்டடங்களை எடுக்க யோசிக்கிறேன். கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப், ஹப்புத்தளை அடிசம் பங்களா, தெமோதர ஒன்பது வளைவுப் பாலம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதை முதலில் எடுக்கலாம்? தேயிலைத் தொழிற்சாலைகள் ஹோட்டலாவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எங்கள் தோட்டத்திலும் துரை பங்களா, அதாவது தோட்ட நிர்வாகியின் வீடு, ஒன்று நன்றாக இருக்கிறது. மற்றபடி தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயங்கள்தான். அவற்றில் கட்டடக்கலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

– வாசகி, பண்டாரவளை

அன்புள்ள மகள்,

கையெழுத்துப் போட்டது சரி. 1894இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் தபால் நிலையத்துக்குள் முத்திரை வாங்க யாரும் போகலாம், கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டும் போகலாம். ஹோட்டலானால் அந்த வாசல் நமக்கில்லை. 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. கிராண்ட் ஹோட்டல் ஆளுநர் பார்ன்ஸின் வீடாக ஆரம்பித்தது, ஹில் கிளப் 1876இல் வந்தது. இதெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. தொழிற்சாலை ஹோட்டலாவதும் பெரிய பாவமில்லை. கந்தப்பளையில் மூடிக்கிடந்த தொழிற்சாலை ஒன்று ஹோட்டலாக மாறியதால்தான் அதன் இரும்புச் சட்டமும் ஜன்னல் வரிசையும் இன்றைக்கு நிற்கின்றன.

தோழியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். கல்லை உடைத்தது யார், சுமந்து ஏற்றியது யார்? நானுஓயாவுக்கு 1885இல் ரயில் வரும்வரைக்கும் இந்த மலைகளுக்கு மேலே போன பாரத்தில் எவ்வளவோ மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும்தான் போனது. இந்தக் கட்டடங்களை இடித்தால் நம் ஆட்களின் கைவேலையும் சேர்ந்துதான் போகும். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, அந்த யோசனையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. சில மாதங்களாகவே இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வந்து சரியாக அதன்மேல் கை வைத்துவிட்டீர்கள். லயத்தில் கட்டடக்கலை இல்லையா? கட்டடக்கலை படிக்கிற பிள்ளை, அதுவும் லயத்தில் பிறந்த பிள்ளை, இப்படி எழுதலாமா? எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. அழகு இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கலை இல்லை என்று சொன்னால் அது தானாக முளைத்தது என்றாகிவிடும். ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அந்தக் காம்பரா, மலைநாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் அப்படியே வருகிறதே, அது தற்செயலா? ஒருவர் உட்கார்ந்து அளவு போட்டிருக்கிறார். ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் போதும், எத்தனை காம்பராவுக்கு ஒரே கூரைத் தகரம் ஓடும், ஒரே பின்சுவரை இரண்டு வரிசைக்கும் பொதுவாக வைத்தால் எவ்வளவு கல் மிச்சம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். பின்சுவர் பொதுவானால் பின்ஜன்னல் வைக்க முடியாது. காற்று ஒரு பக்கமாக வந்து அதே பக்கமாகத்தான் போக வேண்டும்.

காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிற்சாலையின் மேல்மாடிகளைப் பாருங்கள், நீளமாக ஜன்னல், ஜன்னலுக்கு மேல் ஜன்னல். பறித்த கொழுந்து சரியாக வாட வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். கொழுந்துக்கு அவ்வளவு ஜன்னல், பறித்தவளுக்கு முன்பக்கம் சின்னதாக ஒன்று.

புகைபோக்கியையும் பாருங்கள். என் தாத்தா துரை பங்களாவில் விறகு எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டிப் போவார். குசினிப் பக்கத்துக் கதவால்தான் உள்ளே போவோம். துரையும் பிள்ளைகளும் கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், பெரிய அறையில் குளிருக்குத் தீ மூட்டுகிற கணப்பைத் துடைக்கும்போது, "தலையை உள்ளே விட்டுப் பார்" என்றார். குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கீழே அகலமாக ஆரம்பித்து, ஓரிடத்தில் கழுத்துப் போலக் குறுகி, அப்புறம் நேராக மேலே ஏறியது. உச்சியில் ஒரு துண்டு வானம். தாத்தா கையில் கொஞ்சம் வைக்கோலைப் பற்றவைத்துக் காட்டினார். புகை ஒரு இழைகூட அறைக்குள் திரும்பவில்லை, யாரோ மேலே இருந்து இழுப்பதைப் போல ஏறிப் போனது. புகை எப்படி நடக்கும், எங்கே குறுக்கினால் வேகம் பிடிக்கும் என்று ஒழுங்காகப் படித்த ஒருவர் போட்ட வேலை அது.

எங்கள் காம்பராவில் அடுப்பு இருந்தது, புகைபோக்கி இல்லை. அப்பாயி கவ்வாத்து மிலாறை, தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழுகிற குச்சிகளை, எரிப்பார். பாதி ஈரம். புகை தகரத்தில் முட்டித் திரும்பி அறை முழுக்க நிற்கும். தகரத்தின் உள்பக்கம் தார் பூசியது போலக் கறுத்திருக்கும். பனிக் காலத்தில் விடியற்காலை தகரம் வேர்த்து, அந்தக் கரியும் சேர்ந்து சொட்டும். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் அம்மா படுப்பார். அப்பாயிக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும், இருமலும் நின்றதில்லை.

ஒரே தோட்டம், ஒரே மேசன்மார், ஒரே கல். பங்களாவில் ஒரு அறைக்கு ஒரு புகைபோக்கி. லயத்துக்கு வரும்போது அந்த அறிவு எங்கே போனது? எங்கும் போகவில்லை. யாருக்குச் செலவழிப்பது, யாருக்கு வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் விட்டார்கள். பங்களாவின் புகைபோக்கியைப் பார்க்காமல் லயத்தின் கறுத்த தகரத்தைப் படிக்க முடியாது, லயத்தைப் பார்க்காமல் பங்களாவைப் படித்தால் அது பொய். உங்கள் பட்டியல் முழுக்க அந்தப் பொய்யின் பக்கம்தான் நிற்கிறது, மகள். அடிசமில் 1931இல் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் கட்டிய கல் மாளிகையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உடனே சிலர், "லயத்தைப் பாதுகாக்கச் சொல்கிறாயா, சனம் அதிலேயே கிடக்கவா?" என்று கேட்பார்கள். ஒரு குடும்பம்கூட அதில் இருக்கக் கூடாது. காணியும் உறுதிப் பத்திரமும் தனி வீடும் முதலில், அதில் பேரம் கிடையாது. சனம் வெளியேறிய பிறகு, மாவட்டத்துக்கு ஒரு லயத்தையாவது கறுத்த தகரத்தோடு அப்படியே விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வெள்ளையடித்துப் பூச்சட்டி தொங்கவிட்டால் அதற்கு இடிப்பதே மேல். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, இயந்திரங்களைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் கம்பளைக்குப் பக்கத்தில் பீகொக் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்திலேயே இருக்கிறது. மலையகத்தவர்கள் தாங்களே பேசுகிற இடம் அது.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் பழைய கட்டடத்துக்கான கோடு 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் நாள். தோட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. பிந்தியதைக் காப்பாற்ற வேண்டுமானால் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அதைக் கேட்கிறவர் கையில் வரைபடம் இருக்க வேண்டும். பங்களாவுக்கு வரைபடம் போட ஆள் இருக்கிறார்கள். லயத்துக்கு நீங்கள்தான்.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அளவு நாடா கொண்டு போங்கள். காம்பராவின் நீளம் அகலம், சுவரின் தடிப்பு, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை எவ்வளவு, தகரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது, கரி எதுவரை இறங்கியிருக்கிறது என்று எல்லாம் குறியுங்கள். வரிசையின் கடைசியில் இருக்கிற தொங்கல் காம்பராவையும் நடுக் காம்பராவையும் தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டிலும் வெளிச்சம் ஒன்றல்ல. சுவரை எப்போது எழுப்பினார்கள், அடுப்பை யார் வெளியே மாற்றினார்கள் என்பதைத் தோட்டத்தில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அப்புறம் பங்களாவுக்கும் போய் அதே நாடாவால் ஒரு அறையை அளங்கள். இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில், ஒரே தாளில் வரையுங்கள். பேராசிரியர் இது ஆய்வா என்று கேட்டால் அந்தத் தாளை மேசையில் விரித்து வையுங்கள்.

வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை, அதையும் எழுதுங்கள்.