லேசரால் ஒற்றை அணுவை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள்?

காட்பாடியில் இயற்பியல் படிக்கும் தங்கை ஒருவர், "லேசர் பட்டால் அணு சூடாகி ஓடிவிடாதா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அணு விழுங்கும் ஒளியைவிட அதிர்வெண் நன்றாகக் குறைந்த ஒளியைத்தான் பொறியாக வைக்கிறார்கள். முன்பே குளிர்வித்த அணு அதை அநேகமாக விழுங்காது. வெளிச்சம் மிகுந்த புள்ளிக்கு இழுபடும். அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் அஷ்கின் குழு இந்த ஒளி இடுக்கியைக் காட்டியது 1986-இல்.

சரி, பல அணுக்களைத் தனித்தனியாகப் பிடிக்க ஒளியைப் பல புள்ளிகளாக்குவது எப்படி? கதிரின் வழியில் ஒரு திரவப் படிகத் தகடு. அதன் ஒவ்வொரு பிக்சலும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதங்களைக் கணக்கிட்டு அமைத்தால், லென்ஸுக்கு அப்பால் ஒரே கதிர் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகக் குவியும். லென்ஸின் பிழையையும் அதே தகடே திருத்துவதுதான் எனக்குப் பெரிய அழகு. புள்ளிகளின் பிரகாசம் சமமாக இல்லாவிட்டால் ஒவ்வோர் அணுவின் ஆற்றல் மட்டமும் வெவ்வேறு அளவு நகர்ந்து, அந்த அணுக்களை வைத்துச் செய்யும் குவாண்டம் கணினியின் கணக்கே கெட்டுவிடும்.