ரேகை விழுந்த மேப்பிள் பலகையில் ராக்கிங் சேர் செய்யலாமா?

கேள்வி: அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் பலகைகள் கொஞ்சம் கைவசம் இருக்கின்றன. மேசை, பெஞ்ச், அலமாரி செய்த பழக்கம் உண்டு, நாற்காலி செய்ததில்லை. இதில் ராக்கிங் சேர் செய்யலாமா? எங்கே சிக்கல் வரும்?

செய்யலாம். ஆனால் அந்தப் பலகையை நாற்காலியின் எல்லா பாகத்துக்கும் போடாதீர்கள். உளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: கண்ணில் படுகிற இடத்துக்கு ரேகை மரம், பாரம் தாங்குகிற இடத்துக்கு நேராக நார் ஓடும் மரம்.

ஏனென்றால் மேப்பிளில் தெரிகிற அந்த வரிகள் பெரும்பாலும் நிற வேறுபாடே இல்லை. நார்கள் நேராக மேலே போகாமல் நெளிந்து நெளிந்து வளர்ந்திருக்கும். அதைப் பலகையாக அறுத்தால் ஒரு வரியில் நாரின் பக்கவாட்டு தெரியும், அடுத்த வரியில் நாரின் வெட்டுவாய் லேசாக மேலே தூக்கித் தெரியும். பக்கவாட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும், வெட்டுவாய் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பலகையைச் சாய்த்துப் பார்த்தால், பட்டுப் புடவையை வெளிச்சத்தில் திருப்பும்போது நடப்பது போல, மின்னிய வரி இருண்டு இருண்ட வரி மின்னுகிறது. ஆனால் மரத்தின் பலம் முழுவதும் நாரின் நீளவாக்கில்தான் இருக்கிறது. நெளிந்த மரத்திலிருந்து ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு காலை இழைத்தெடுத்தால், பல நார்கள் காலின் முழு நீளத்துக்கும் ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறி அறுந்து நிற்கும். மேசைக்கால் அதைத் தாங்கிவிடும், அதன் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. ராக்கிங் சேரின் காலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாரம் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும், இணைப்பு ஒவ்வொரு முறையும் நெம்பப்படும்.

அதனால் பிரிப்பது எப்படி என்றால், தலைப்பலகை (முதுகின் உச்சியில் வரும் குறுக்குப் பலகை), இருக்கை, வேண்டுமானால் கைதாங்கிகள், இவற்றுக்கு உங்கள் ரேகைப் பலகை. இருக்கை இரண்டு அங்குலக் கனத்தில் ஆரம்பிக்கிறது, அதற்குப் பயமே வேண்டாம். தலைப்பலகைதான் அறைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற பாகம், இருப்பதிலேயே நல்ல துண்டை அதற்கு ஒதுக்கி வையுங்கள். பின்கால், முன்கால், முதுகுச் சட்டங்கள், அடியில் தரையில் உருளும் வளைகட்டைகள், இந்த நான்குக்கும் நேர் நார் உள்ள மேப்பிளையே தேடிப் பிடியுங்கள், ஒரே மரத்திலிருந்து வந்ததாக இருந்தால் நிறமும் ஒத்துப்போகும். கைதாங்கி இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இருக்கிறது. அகலமாக விட்டால் ரேகை மரம் தாங்கும், இடுப்பு போல மெலிதாக்கினால் தாங்காது.

மற்ற ரேகைகளுக்கும் இதே கணக்குதான். பறவைக்கண் மேப்பிளில் நார் பெரும்பாலும் நேராகவே ஓடும், அங்கங்கே சின்னச் சின்னக் குழிவுகள் மட்டும், அதனால் அது கொஞ்சம் தாராளம். கிளை பிரியும் கவட்டையில் கிடைக்கும் வால்நட் பலகை இறகு விரித்தது போல அபாரமாக இருக்கும், ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், விரிசல் விடும். அதைத் தலைப்பலகைக்கு மேல் எதற்கும் நம்பக் கூடாது. அடிமரத்தில் புடைத்து வளரும் முண்டு மரத்துக்கு நார் ஓட்டம் என்றே ஒன்று கிடையாது. நாற்காலியில் அதற்கு இடமில்லை என்பது என் கருத்து.

பலகை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழல் காய்ச்சல் என்பது பொதுவான கணக்கு, அதை நம்பி விட்டுவிடாமல் ஈரப்பத மீட்டரால் அளந்துகொள்வது நல்லது. வறண்ட வீட்டுக்குள் 6 முதல் 8 சதவீதம் சரி, ஈரக்காற்று உள்ள இடத்தில் 10, 12 வரை போகும். வேலை செய்யும் இடத்திலேயே சில வாரம் அடுக்கி வைத்துவிட்டு அப்புறம் அறுங்கள். மரம் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெளி நார் மரத்தில் இது ஒரே சீராகவும் நடக்காது, ஆகவே அறுத்த உடனே கடைசி அளவுக்கு இழைத்துவிடாமல் கொஞ்சம் கனம் கூட வைத்து, அது திரும்புகிற அளவு திரும்பி முடித்த பிறகு மட்டம் எடுக்க வேண்டும்.

இப்போது இழைப்புக்கு வருவோம். நேர் மரத்தில் நார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தத் திசையில் இழைத்தால் போதும். ரேகை மரத்தில் அந்தத் திசை ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் மாறுகிறது. இழைப்புளி ஒரு வரியில் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த வரியில் அலகு நாருக்கு அடியில் புகுந்து நெம்பித் தூக்கும், அங்கே செதில் பெயர்ந்து சின்னப் பள்ளம் விழும். விரலால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் சுரசுரப்பு. எண்ணெய் பூசினதும் அந்தப் பள்ளங்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எந்தத் திசையில் இழைத்தாலும் இது வரும் என்பதால் திசையை மாற்றிப் பயனில்லை, அலகு மரத்தைச் சந்திக்கும் கோணத்தை மாற்ற வேண்டும். சாதாரண இழைப்புளியில் அது 45 பாகை. 55, 60 பாகைக்கு உயர்த்தினால் அலகு நாரை நெம்பாமல் சுரண்டி எடுக்கும். தள்ளுவதற்குக் கை வலிக்கும், ஆனால் பரப்பு சுத்தமாக வரும். தனி இழைப்புளி இல்லையென்றால் அலகின் மேல் உட்காரும் தகட்டை வெட்டுமுனைக்கு மிக அருகே, ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். சீவல் எழுந்ததுமே அந்தத் தகடு அதை மடக்கிவிடும், நார் பிய்வதற்கு நேரமே இருக்காது. அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் தகும், சீவல் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் நல்லது.

அதற்கு மேல் ஸ்க்ரேப்பர் தகடு. ஒரு சதுர எஃகுத் தகடுதான், விளிம்பில் எஃகுத் தண்டால் அழுத்தித் தேய்த்து மெல்லிய கொக்கி ஏற்றியது. இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் அழுத்தி வளைத்துத் தள்ளினால் காகிதத்தை விட மெலிதாகச் சுருள் சுருளாக வரும். சுருளுக்குப் பதில் தூள் வந்தால் கொக்கி மழுங்கிவிட்டது என்று பொருள், மறுபடி தீட்டுங்கள். இருக்கைக் குழியையும் கைதாங்கி வளைவுகளையும் முடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இருக்கையைப் பல பலகைகளை ஒட்டித்தான் செய்வோம். ஒட்டும் பக்கங்களைச் சில பாகை சாய்த்து இழைத்து ஒட்டினால் பலகை சேரும்போதே இருக்கை கொஞ்சம் குழிந்து நிற்கும், தோண்ட வேண்டிய மரம் குறையும். பிறகு வாச்சியாலோ, பல் வைத்த தட்டு மாட்டிய கிரைண்டராலோ முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் ஆழத்துக்குத் தோண்டி எடுக்கலாம். உட்காரும் எலும்புகள் இரண்டும் இறங்குகிற இடம்தான் ஆழம். தொடைக்குக் கீழே வரும் முன்விளிம்பு நன்றாக உருண்டு இறங்க வேண்டும், அங்கே கூர் இருந்தால் கால் மரத்துப்போகும். தோண்டத் தோண்ட வளர்ச்சி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகளாக விரிவதைப் பார்க்கலாம், அவற்றுக்குக் குறுக்கே ரேகை ஓடும். அதனால் ஒட்டுவதற்கு முன் பலகைகளை மேலும் கீழும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுக்கோட்டுக்கு இருபுறமும் வளையங்கள் ஒத்து வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவழித்தாலும் வீணில்லை. ஒட்டிய பிறகு மாற்ற முடியாது.

காலும் இருக்கையும் சேருகிற இணைப்புக்கு கலிபோர்னியாவின் தச்சர் சாம் மலூஃப் பெயரையே பலரும் சொல்கிறார்கள். 1916 முதல் 2009 வரை வாழ்ந்தவர், தானாகவே தொழில் கற்றுக்கொண்டவர், பெரும்பாலும் வால்நட்டில் வேலை செய்தவர். 1985-ல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் நிதிநல்கை பெற்றார், அதைப் பெற்ற முதல் கைவினைஞர் அவர். இந்த இணைப்பில் வழக்கமான கழுந்தும் துளையும் இல்லாமல், இருக்கையின் மூலையில் வெட்டுக்கிடங்கு எடுத்து மேலும் கீழும் படி வைப்பார்கள், காலிலும் அதற்குப் பொருந்துகிற மாதிரி வெட்டி இரண்டையும் கவ்வ விடுவார்கள். பசை பிடிக்கும் பரப்பு அதிகம், அசைய வழியே இல்லை. உள்ளே ஸ்க்ரூவும் உண்டு, தலையைக் கருங்காலித் துண்டு வைத்து மூடிவிடுவார்கள். ரவுட்டரில் (சுழலும் அலகால் மரத்தை வெட்டும் மின்கருவி) படிவெட்டும் பிட்டும் விளிம்பை உருட்டும் பிட்டும் ஒரே ஆரத்தில் இருந்தால்தான் கவ்வல் இடைவெளி இல்லாமல் உட்காரும், வாங்கும்போதே ஜோடி பார்த்து வாங்குங்கள். முதலில் வேண்டாத கட்டையில் வெட்டிப் பழகுவது அவசியம்.

முதுகுச் சட்டங்களை அறுப்பதைவிடப் பிளந்து எடுத்தால் நார் முழு நீளத்துக்கும் ஓடும். நடுவில் மெலிதாக்கி, இடுப்புக்கு நேராக முன்னால் வளைந்து வரும்படி வடித்தால் சாயும்போது அவை வளைந்து கொடுக்கும், பலகை மேல் சாய்ந்த உணர்வே இருக்காது. அவற்றை நான் பசை போடாமலே குழியில் இறக்கிவிடுவேன். தலைப்பலகையும் இருக்கையும் பிடித்துக்கொள்கின்றன, சட்டம் தன் போக்கில் அசைய இடம் கிடைக்கிறது.

வளைகட்டைக்கு ஒரே பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுப்பது சுலபம் போலத் தோன்றும், செய்யாதீர்கள், முனைகளில் நார் குறுக்கே ஓடி உடையும். நீராவியில் வளைக்கலாம், நேர் நார் மரமாக இருந்தால் மட்டும். கைக்கு எளிது, எட்டில் ஒரு பங்கு அங்குலக் கனத்தில் பட்டைகள் அறுத்து, அச்சில் வளைத்து அடுக்கடுக்காக ஒட்டுவது. பட்டைகளை அறுத்த வரிசையிலேயே ஒட்டினால் ஒட்டுக்கோடு கண்ணுக்கே தெரியாது. வழக்கமான வெள்ளைப் பசை இங்கே வேண்டாம், ஓயாத இழுவிசையில் அது மெல்ல நகர்ந்து கொடுக்கும், எபாக்சி போடுங்கள். அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் விரியும், இரண்டு கட்டையும் ஒரே அச்சில் வந்தால் ஒரே அளவுக்கு விரியும்.

வளைவின் ஆரம் 42 அங்குலம் என்பது பலருக்கும் ஒத்துவந்த அளவு. அதைவிட நன்றாகக் குறைத்தால் ஆட்டம் ஆழமாகிப் பின்னால் கவிழ்வது போலப் பயம் வரும், ரொம்பக் கூட்டினால் ஆடுவதே தெரியாது. அப்புறம் சமநிலை. உட்கார்ந்தவரின் எடையும் நாற்காலியின் எடையும் சேர்ந்த மையம் அந்த வளைவின் மையத்துக்கு நேர் கீழே வரும் இடத்தில்தான் ஆட்டம் ஓய்ந்து நிற்கும். ஆகவே காலுக்கு அடியில் வளைகட்டையை முன்னே பின்னே நகர்த்தினால் ஓயும் சாய்வு மாறும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிக்காதீர்கள். பசை போடாமல் கிளாம்பில் பிடித்து, உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க முதுகு தளர்ந்து சாயும் வரை நகர்த்திப் பார்த்து, அந்த இடத்தைப் பென்சிலில் குறியுங்கள். உட்காரப் போகிறவர் வேறு ஒருவர் என்றால் அவரையே உட்கார வையுங்கள், ஆளுக்கு ஆள் இது மாறும்.

தேய்ப்புக்கு உப்புத்தாளில் 80, 120, 180, 220 என்று எண்ணைத் தாண்டாமல் போங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள், முந்தின தாளின் கீறல் மேப்பிளில் ஒளிந்துகொள்ளாது. நல்ல முகமூடி கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, கிரைண்டர் ஓடும்போது அது எவ்வளவு பறக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பூச்சுக்கு எண்ணெய்தான் என் தேர்வு, ஆழம் அதில்தான் கிடைக்கிறது. ஆளி எண்ணெய், டங் எண்ணெய், பாலியூரித்தேன் மூன்றையும் சம அளவில் கலந்து துணியால் தேய்த்து, ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்து, காய்ந்த பின் மறுபடி. ஆளி எண்ணெய் மேப்பிளை நாளடைவில் தேன் நிறமாக்கும். வெண்மையாகவே இருக்க வேண்டுமென்றால் நீர் சார்ந்த பூச்சு போடலாம், ஆனால் ரேகை கொஞ்சம் தட்டையாகத் தெரியும். எது பூசினாலும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பாருங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

உங்களுக்கு இது முதல் நாற்காலி என்பதால் இன்னும் ஒன்று. மேசை, அலமாரி வேலையில் எல்லாம் மூலைமட்டத்துக்குள் அடங்கும், நாற்காலியில் ஒரு கோணம்கூட 90 பாகையில் நிற்காது. அதனால் விலை குறைந்த பைன் மரத்தில் முதலில் முழு அளவில் ஒன்று செய்து, அதில் உட்கார்ந்து பார்த்து, இருக்கை உயரத்தையும் முதுகுச் சாய்வையும் திருத்தி, ஒவ்வொரு பாகத்துக்கும் ப்ளைவுட் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சுகளை ரேகைப் பலகை மேல் வைத்து நகர்த்திப் பார்க்கும்போதுதான் தலைப்பலகைக்கு எந்தத் துண்டு, இருக்கையின் நடுவுக்கு எந்தத் துண்டு என்று தெரியவரும். பலகை போதாது என்றால் கைதாங்கியை நேர் மரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தலைப்பலகையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.